பெட்டிகளுக்குள் போன ஜாவா

கேள்வி: என் மாமனார் ஓட்டிய 1960களின் ஜாவா 250, அவர் காலமான பிறகு பல வருடம் ஓரமாகக் கிடந்தது. மைத்துனர் "நீங்களே எடுத்துக்கோங்க மாப்பிள்ளை" என்று கொடுத்துவிட்டார். கிக்கர் இறங்கவில்லை. திரும்ப ஓடவைக்கும் ஆசையில், 14 மாதங்களுக்கு முன்பு ஒரு வார விடுமுறையில் மொத்தத்தையும் பிரித்துப் போட்டேன். எஞ்சின் வராந்தாவில் இருக்கிறது, சேசிஸ் மாடிப்படிக்கு அடியில், மற்றதெல்லாம் அட்டைப் பெட்டிகளில். ஹெட்டைக் கழற்றிவிட்டேன், ஆனால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது.

மனைவிக்கு ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எழுந்து நடக்க ஆள் துணை வேண்டும். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. எல்லோரும் தூங்கியபின் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்தால், எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. "எங்கப்பா வண்டி துருப்பிடிச்சாவது முழுசா நின்னுது, இப்ப அதுவும் இல்ல" என்கிறாள் மனைவி. அம்மா பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். மகன் மட்டும் கூடவே வந்து நிற்கிறான்.

மூட்டை கட்டி வைத்துவிடவா, பட்டறையில் கொடுத்துவிடவா, தொடரவா? தொடர்ந்தால் நேரத்துக்கு என்ன வழி? பெயிண்ட், குரோம் எல்லாம் புத்தம்புதிதாக மாற்றுவதாகத் திட்டம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீரமைக்கும் பட்டறை நடத்துபவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். வண்டியை விற்கச் சொல்லவில்லை அவர். காசைக் கரைக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை. முழுதாக நின்றது இப்போது இல்லை என்கிறார். பட்டறைக்காரனாக எனக்கு அது வெறும் வருத்தமாகத் தெரியவில்லை, சரியான தொழில்நுட்பக் கருத்தாகவே படுகிறது. துருவால் போன பழைய வண்டிகளைவிட, பிரித்துப் போட்டதால் போன வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். துரு மெதுவாகத்தான் தின்னும். பெட்டிக்குள் போன வண்டி ஒவ்வொரு வீடு மாற்றலுக்கும், ஒவ்வொரு பண்டிகை ஒழுங்குபடுத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையும். பிரித்தவருக்கே எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும்.

அதனால் தொடருங்கள், ஆனால் திசையை மாற்றுங்கள். இனி முதல் வேலை ரிப்பேர் கிடையாது, கோர்ப்பது.

சேசிஸ், பின் ஸ்விங் ஆர்ம், முன் ஃபோர்க், ஹேண்டில்பார், இரண்டு சக்கரம், இரண்டு மட்கார்டு, டேங்க், சீட். இவ்வளவையும் இருக்கிற நிலையிலேயே மாட்டுங்கள். பெயிண்ட் உரிந்திருக்கட்டும், டயர் வெடித்திருக்கட்டும், பேரிங் கரகரக்கட்டும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். போல்ட்டுகளைக் கையால் திருகி, ஸ்பேனரால் லேசாகப் பிடித்துவிட்டால் போதும். நிறைய மாலைகள் பிடிக்காத வேலை இது. எஞ்சின் இல்லாமலே வண்டி தன் காலில் நிற்கும், உருட்டலாம், சுவரோரம் தள்ளலாம். வராந்தா, மாடிப்படி, பெட்டி என்று வீடெங்கும் பரவிக் கிடப்பது ஒரு வண்டி நீளத்துக்குள் அடங்கிவிடும். எந்த போல்ட் காணாமல் போயிருக்கிறது என்பதும் மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும், பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தால் தெரியாது. மாட்டிய ஒவ்வொரு போல்ட்டும் அதன் சொந்த ஓட்டையிலேயே பத்திரமாக இருக்கும். அதைவிட நல்ல டப்பா எங்கும் கிடைக்காது.

மறுபடி கழற்றப்போகும் வண்டியை எதற்குக் கோர்ப்பது என்று தோன்றும். இனிமேல் ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் கழற்றப்போகிறீர்கள். முன் பிரேக் என்றால் முன் பிரேக் மட்டும். அது முடிந்து, வண்டியில் மாட்டப்பட்ட பிறகுதான் அடுத்தது. எந்த நாளில் வீடு உங்களை இழுத்துக்கொண்டு போனாலும் திறந்து கிடப்பது ஒரே ஒரு பகுதியாக இருக்கும்.

உங்கள் நேரப் பிரச்சினைக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. கிடைப்பதில் பெரும்பகுதியைத் தேடல் தின்றுவிடுகிறது என்கிறீர்கள். ஒரு பெரிய தட்டு வைத்துக்கொள்ளுங்கள், விளிம்பு உயர்ந்ததாக இருந்தால் நல்லது. ஒரு தட்டு, ஒரு வேலை. உதாரணமாக கார்பரேட்டர். பிரித்து, ஊறவைத்து, ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, திரும்பப் பூட்டி, வாய்களில் துணி அடைத்து, பையில் போட்டுப் பெயர் எழுதுவது வரைக்கும்தான் அந்த வேலை. அந்த இரவுக்குள் முடியாது என்று தெரிந்தால் திறக்காதீர்கள், வேறு சின்ன வேலை எடுங்கள். (ஜெட் ஓட்டையில் கம்பி விடவே கூடாது. அது பித்தளை, ஓட்டை துளி பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். நைலான் இழை, இல்லையென்றால் காற்று.)

இன்னொன்று, வேலைகளைச் சத்தமுள்ளது, சத்தமில்லாதது என்று பிரித்துவிடுங்கள். கார்பரேட்டர், வயரிங், பாயிண்ட், லைட் சுவிட்ச், கையால் அலுமினியம் தேய்ப்பது எல்லாம் இரவு வேலை. சுத்தியல், கிரைண்டர், துரு சுரண்டுவது பகல் வேலை. பகல் நேரத்தைத் திருடாமல் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் இன்ன நாள் இத்தனை மணிக்கு ஆரம்பம், இத்தனை மணிக்கு முடிவு என்று மனைவியின் ஷிப்ட் பட்டியலைப் பார்த்து இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதே அளவு நேரம், கேள்வி கேட்காமல், அவருக்கும். சொன்ன மணிக்கு எழுந்துவிடுங்கள். "இந்த ஒரு போல்ட் மட்டும்" என்பதுதான் வீடுகளில் இந்தப் பொழுதுபோக்கைக் கெடுத்த வாக்கியம். துருப்பிடித்த வண்டியில் ஒரு போல்ட் என்பது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், மூன்று நாளாகவும் இருக்கலாம்.

உங்கள் அம்மா ராத்திரியில் கூப்பிட்டால் கை முழுக்க கிரீஸோடு ஓட முடியாது. நைட்ரைல் கையுறையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். கூப்பிட்டால் மேலுறையை உருவிப் போட்டுவிட்டுப் போகலாம், கை சுத்தமாக இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் "இதோ வர்றேன், கை கழுவிட்டு" என்கிற ஐந்து நிமிடம் வயதானவர்களுக்கு மிக நீளம்.

இனி எஞ்சின். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிளட்ச் பிடிக்காமலே கியர் விழுவது, கியர் லீவரையே உள்ளே அழுத்தித் தூக்கித் திருப்பினால் கிக்கராவது. மூன்றும் இருந்தால் உங்களுடையது டைப் 353 குடும்பம். பழைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1929இல் பிறந்த நிறுவனம் ஜாவா. யானெச்செக் என்ற தொழிலதிபரின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, அவர் வடிவமைப்பை வாங்கிய வாண்டரர் நிறுவனத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, இரண்டும் சேர்ந்த பெயர். 353 வந்தது 1954இல். ஏகப்பட்ட வண்டிகள் தயாரான மாடல் என்பதால் படம் போட்ட பாகப் பட்டியல் கிடைக்கும். ஒரு பிரதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 14 மாத மறதிக்கு அதுதான் மருந்து.

பிடித்துக்கொண்ட பிஸ்டனை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஹெட் கழன்றுவிட்டதால் வேலை எளிது. பிஸ்டன் தலைமேல் ஊடுருவும் எண்ணெய் ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுவது பலரும் செய்வது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியும் ஆகிவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு, ஹீட் கன் எதுவும் கூடாது. எண்ணெய் மட்டம் இறங்கினால் பிஸ்டன் விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் போர்ட் வாய்கள் (பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் துளைகள்) இருக்கின்றன, அது வழியாகவும் வடியும். மறுபடி ஊற்றுங்கள், நாள்கணக்கில் விடுங்கள். பிறகு பிஸ்டன் தலையளவு ஒரு மரக்கட்டையை வைத்து, ஓரமாக, சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் பாதி வென்றாயிற்று. அசைந்தால் மேலும் எண்ணெய், மேலும் பொறுமை. சிலிண்டரின் விசிறி மடிப்புகளுக்கு இடையில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பவே கூடாது. அது வார்ப்பிரும்பு, வளையாது, உடையும்.

இந்த வேலையின் அழகு என்னவென்றால், பெரும்பகுதி நேரம் எண்ணெய்தான் உழைக்கிறது. உங்களைப் போல நேரமில்லாதவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. இரவு படுக்கப் போகும் முன் ஒரு பார்வை, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

பிஸ்டன் விட்டதும் கூடவே ஒரு சபலம் வரும். பிளக்கில் பொறி வருகிறது, பெட்ரோலை ஊற்றி ஒரு கிக் அடித்துப் பார்ப்போமே என்று. வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே, சுழலும் கிராங்க் தண்டு இருக்கும் கூடு) போய், அங்கே அழுத்தப்பட்டுத்தான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. கிராங்க் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் காற்றுப் புகாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். பல வருடம் கிடந்த சீல் ரப்பர் கல்லாகியிருக்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று உள்ளே வரும். கலவை மெலிந்து, சூடேறி, நீங்கள் பாடுபட்டு விடுவித்த பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலையே எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை விடாமல் வரும், கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். இப்படி ஓடும் பழைய ஜாவாக்களைப் பார்த்துத்தான் "டூ ஸ்ட்ரோக்னா புகைதான்" என்று ஜனங்கள் சொல்வது. சீல் நன்றாக இருந்து, எண்ணெயும் அளவாகக் கலந்தால் அவ்வளவு புகை கிடையாது.

சீலோடு பேரிங்கையும் மாற்ற கேஸைப் பிளந்தாக வேண்டும். பிளந்தபின் கனெக்டிங் ராடை நேராகப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். மேல் கீழாக 'டக்' என்று ஒரு தட்டல் கையில் உணர்ந்தால் அடிப் பேரிங் தேய்ந்துவிட்டது. இந்தக் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராடு போட்டு, டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கோட்டத்துக்குள் நேராக்க வேண்டும். வீட்டில் முடியாது, முயலவும் வேண்டாம். நல்ல லேத் பட்டறை பாருங்கள்.

ரீபோர் செய்வதானால், அதாவது சிலிண்டரின் உள்துளையை (போர்) கடைந்து பெரிதாக்குவதானால், பிஸ்டனை முதலில் வாங்குங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்ற படிகளில் வரும். போரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் அந்த அளவு கிடைக்காமல் போகலாம். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்ல வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒரு விஷயம்: டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு குட்டி ஊசி நிற்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்த ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும். ரிங் சுழன்று முனை போர்ட் வாயில் மாட்டாமல் இருக்கத்தான் அது. கவனிக்காமல் சிலிண்டரை இறக்கினால் ரிங் ஒடியும், சில சமயம் போரிலும் கோடு விழும். சிலிண்டர் தானாக வழுக்கிக்கொண்டு இறங்காவிட்டால் எதையும் அழுத்தாமல் மேலே தூக்கி ரிங்கைப் பாருங்கள்.

பட்டறையில் மொத்தமாகக் கொடுத்துவிடவா என்று கேட்டீர்கள். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன், பெட்டியில் வரும் வண்டியை எந்தப் பட்டறையும் சந்தோஷமாக வாங்காது. பிரித்தவர் ஒருவர், கோர்ப்பவர் இன்னொருவர் என்றால் தேடலுக்கே கூலி ஏறும். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பாகத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கும் வரும். கிராங்க், போர், சக்கரக் கோட்டம் எடுப்பது, குரோம் போன்றவற்றை மட்டும் வெளியே கொடுங்கள். அவற்றை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். வெளி வேலைகளுக்கு வரிசை இருக்கும், காத்திருப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்த வாரங்களில் வீட்டில் பிரேக், வயரிங் என்று உங்கள் சிறு வேலைகள் நடக்கும். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டு வேலை எல்லாம் முடித்து, கடைசியில் கிராங்கைக் கொடுத்துவிட்டு, வண்டியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவின் உடல்நிலையோ வேறெதுவோ கொஞ்ச காலம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால், தாராளமாக நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துவதற்கு என்று ஒரு மாலை ஒதுக்குங்கள். போரிலும் பேரிங்குகளிலும் எண்ணெய், போர்ட் வாய்களிலும் கார்பரேட்டர் வாயிலும் எண்ணெய்த் துணி, சுரண்டிய இரும்பின் மேல் பிரைமர். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்தித் துணி போதும்.

உங்கள் கடிதத்தில் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீடு. எஞ்சின் வராந்தாவில். அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

டேங்கில் பெட்ரோல் இருந்தால் இன்றே வடித்து, வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். காலி டேங்கும் ஆபத்துதான், திரவம் போனாலும் ஆவி இருக்கும். ஓட்டை அடைக்க யாராவது டேங்கை அப்படியே வெல்டிங் வைக்கிறேன் என்றால் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். வெந்நீரில் கலந்து ஊறவைத்து, சமையல் சோடா நீரால் அலசி, உடனே காயவைத்து, எண்ணெய் கலந்து சுழற்றிவிட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே புதுத் துரு பூக்கும். மின்சாரம் விட்டுத் துரு எடுக்கும் முறையையும் படித்திருப்பீர்கள். சலவை சோடா நீர், பழைய பேட்டரி சார்ஜர், பலிகொடுக்க ஒரு இரும்புத் துண்டு. அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் கரையும். அந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய அறையில் செய்யவே கூடாது.

அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்து ஊதாதீர்கள், தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டு, முகக்கவசத்தோடு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். எஞ்சின் முதல்முறை ஓடும் நாளில் வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும், வராந்தாவில் இல்லை.

மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டார்ச் பிடிக்க வைத்து, சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டுவதற்கு இல்லை. உலகத்தில் பாதி அப்பாக்கள் இந்த ஒரு வழியில்தான் பிள்ளைகளுக்கு மெக்கானிக் வேலையை வெறுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாகத்தை முழுசாக அவன் பேரில் எழுதிவையுங்கள். ஹெட்லைட் கிண்ணமோ, ஸ்பீடோமீட்டர் கேபிளோ. கழற்றும் முன் போட்டோ எடுப்பது, பைக்குப் பெயர் ஒட்டுவது, கழுவுவது, மெருகேற்றுவது, மாட்டுவது எல்லாம் அவனே. தேவைப்படும்போது மட்டும் நீங்கள் கை கொடுங்கள். பெட்ரோல், அமிலம், பிரேக் தூசு மூன்றும் அவன் எல்லைக்கு வெளியே.

கடைசியில் பெயிண்டும் குரோமும். இதை நீங்கள் தனியாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அது உங்கள் மனைவி வளர்ந்த வண்டி. உப்புத்தாள் தொடும் முன் அவரையும், முடிந்தால் மைத்துனரையும் வண்டி பக்கத்தில் நிற்கவைத்துக் கேளுங்கள். எந்த நெளிவு எப்போது விழுந்தது, டேங்க் கோட்டை யார் வரைந்தது, எந்தக் கீறல் யார் செருப்பால் ஆனது. அவர் புதுப் பெயிண்ட்தான் வேண்டும் என்றும் சொல்லலாம். அப்படியானால் டேங்க் கோடுகளையும் எழுத்துகளையும் டிரேசிங் தாளில் நகலெடுத்து, அகலத்தை அளந்து குறித்துவிட்டுத் தேய்க்க ஆரம்பியுங்கள். அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நல்ல பழைய பெயிண்டை சோப்பு நீரில் கழுவி, மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, மெல்லிய ரப்பிங் காம்பவுண்டால் மெதுவாக எழுப்பலாம். அசல் பெயிண்ட் ஒரு தடவை போனால் போனதுதான். எத்தனை செலவு செய்தாலும் அது திரும்பாது.

குரோம் பற்றி ஒரு எச்சரிக்கை. பூச்சு, அடியில் இருக்கும் குழியை மறைக்காது, பளபளப்பாக்கிக் காட்டும். குழி போக உலோகத்தைத் தேய்க்க வேண்டும். டேங்க் பக்கம் போன்ற மெல்லிய தகட்டில் அது ஊசி ஓட்டையில் போய் முடியும். சைலன்சர், ஹேண்டில்பார் மட்டும் குரோமுக்குக் கொடுத்துவிட்டு டேங்கை விட்டுவிடுவது என் பழக்கம்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் கொஞ்ச தூரத்துக்கு லிட்டருக்கு 50 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். பிறகு 40 மில்லி. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நெடுந்தூரம் உருளாதீர்கள். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, மூடினால் எண்ணெயும் நின்றுவிடும்.

பின்குறிப்பில், புதுப் பேரிங் உட்கார கிராங்க் கேஸை சமையலறை ஓவனில் சூடாக்கலாமா, பேரிங்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தத்துவம் சரி. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் கேஸ் வாய் திறக்கும். பேரிங்கை நன்றாக மூடிய பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஓவன் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் கேஸின் நுண்துளைகளில் பழைய எண்ணெய் இருக்கும். சூட்டில் அது புகைந்தால் அந்த நாற்றம் அடுத்த சமையலுக்கும் அதற்கடுத்த சமையலுக்கும் வரும், இந்த வீட்டில் அதைத் தாங்கும் நிலையில் இப்போது யாரும் இல்லை. வெளியே ஒரு மின் அடுப்புத் தட்டின் மேல் கேஸை வைத்து, சீராகச் சூடேறத் திருப்பித் திருப்பிவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் 'சுர்' என்று ஆவியாக வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங்கை நேராகப் பிடித்து விட்டால் தானே போய் உட்காரும். உட்காரவில்லை என்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். பேரிங்கை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு, கேஸை இன்னும் கொஞ்சம் சூடாக்குங்கள்.